உமரிக்கு ஐந்து நிமிடம்
(நம் சங்கக் கூட்டத்தில் பேசியது)

சென்ற கூட்டத்தில், நம் மதிலுக்குக் கிழக்கே உப்பளம் வரை உள்ள களர் நிலத்தைப் பொக்லைன் வைத்துச் சுத்தம் செய்யலாம் என்று பேச்சு வந்தது. வெறும் களை, பாம்பு அடையும் என்றார்கள். அது நம் பட்டா நிலமே இல்லை என்பது வேறு விஷயம். அந்தக் களைக்கு ஒரு பெயர் இருக்கிறது.

உமரி. சிலர் உமிரி என்பார்கள். இரண்டு செடிகளுக்கு இந்த ஒரே பெயர் என்பதால்தான் குழப்பம். சிறிய, தடித்த இலை உள்ளது ஒன்று, தாவரவியலில் சுவேடா. இன்னொன்றில் இலையே தெரியாது, கணுக்கணுவாகத் தண்டுதான், அது சாலிகோர்னியா. இரண்டும் உப்பைத் தம் சதைக்குள்ளேயே பூட்டி வைப்பவை. வெயில் ஏறினால் சிவந்துவிடும்.

இலை உமரியின் கொழுந்து கீரையாகும். நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், இரண்டு தடவை. பிறகு பருப்போ இறாலோ சேர்க்கலாம். உப்புப் போடாதீர்கள். ரத்தக்கொதிப்புக்காரர்கள் (நம்மில் பாதிப் பேர்) தொடவே வேண்டாம்.

1791இல் லெப்லாங்க் உப்பிலிருந்து சோடா செய்யும் முறைக்குக் காப்புரிமை பெறும்வரை, ஐரோப்பாவில் சோப்புக்கும் கண்ணாடிக்கும் இந்த வகைச் செடிகளின் சாம்பலையும் பெரிதாக நம்பியிருந்தார்கள். ஸ்பெயினில் இதற்காகவே பயிரிட்டார்கள். நம் நாட்டிலும் பவநகரில் உள்ள மத்திய உப்பு ஆராய்ச்சி நிலையம் சாலிகோர்னியாவிலிருந்து தாவர உப்பு தயாரித்திருக்கிறது. மரக்காணத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் அதைக் களை என்கிறோம்!

நம் தெரு வழியே ஆடு ஓட்டிப்போகும் அம்மாவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மே மாதம் புல் கருகினால் அவர் ஆடுகள் கடிப்பது இதைத்தான். "இதையே தின்னா கழியும் சார், நடுவுல புல்லுக்கும் நல்ல தண்ணிக்கும் ஓட்டணும்" என்றார். ஐ.ஆர்.டி.பி. காலத்தில் எத்தனையோ ஆட்டுக்கடன் மனுக்களில் 'தீவனம் உண்டா' என்ற இடத்தில் 'உண்டு' என்று எழுதியிருக்கிறேன். என்ன தீவனம் என்று ஒருவரையும் கேட்டதில்லை.

கழுவேலியை 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். அதன் உவர்க் கரையிலும் இதே உமரிதான். அங்கே காப்பாற்ற வேண்டியது, இங்கே பொக்லைனுக்கா?

பாம்புப் பயம் நியாயமானது. மதிலை ஒட்டிப் பத்தடி மட்டும் ஆள் வைத்து வெட்டுவோம், மீதியை விட்டுவிடுவோம். இதையே தீர்மானமாக முன்வைக்கிறேன். எது எந்த உமரி என்று பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிறு காலை ஆறரைக்கு வாருங்கள். ஷூ போட்டு வாருங்கள், சேறு செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும்.