தூரத்தில் படிக்கும் எங்கள் பிள்ளைகள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எமது பிள்ளைகள் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போவதென்பதை இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடுமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. யாழ்ப்பாணத்துப் பிள்ளை மாத்தறைக்கோ மிகிந்தலைக்கோ போக நேரிடலாம். "உயர்தரத்தில் 3 ஏ எடுத்தவள், முதலாம் வருடத்தில் ஏன் பின்தங்கினாள்?" என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு.

தூரம் ஒரு நோயல்ல. தினமும் நான்கு மணித்தியாலம் பஸ்ஸில் அலைபவளைவிட, விடுதியிலிருந்து நூலகத்துக்கு நடந்துபோகிறவளுக்குப் படிக்க நேரம் கூட. வீட்டில் கேளாமலே கிடைத்த சில, அங்கே கிடைக்காமற் போவதுதான் சிக்கல்.

முதலாவது நித்திரை. பகலில் படித்தது மனதில் பதிய இரவு நித்திரை வேண்டும். வாரம் தவறாமல் ஊருக்கு வந்து, ஞாயிறு இரவு பஸ்ஸில் விழித்திருந்து, திங்கள் காலை நேரே விரிவுரைக்குப் போகிறவளின் குறிப்புப் புத்தகம் நிறையும். மனதில் ஒன்றும் தங்காது.

இரண்டாவது சாப்பாடு. காலையில் வெறும் தேநீர், மத்தியானம் ஒரு ரோல்ஸ் என்று மாதக்கணக்கில் ஓட்டினால், மாதவிடாயும் சேர்ந்து இரும்புச்சத்தைக் குறைத்துவிடும். இரத்தச்சோகையால் களைத்து, கவனம் சிதறும் பிள்ளைக்குச் சோம்பேறி என்ற பெயர் கிடைக்கும். ஓர் இரத்தப் பரிசோதனை போதும், உண்மை தெரிந்துவிடும்.

மூன்றாவது மொழி. விரிவுரை ஆங்கிலத்தில், விடுதியிலும் கடையிலும் சிங்களம். விளங்காததைக் கேட்கக் கூச்சப்பட்டு ஒதுங்கியிருப்பவள் பாடத்திலும் ஒதுங்கிவிடுகிறாள்.

நான்காவது, முகம் பார்த்து அறிய ஓர் ஆள். "சாப்பிட்டியா பிள்ளை?" என்று அம்மா போனில் கேட்டால், "ஓம் அம்மா" என்றுதான் பதில் வரும். பகிடிவதைக்கு எதிராக 1998 இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அகப்பட்ட பிள்ளை அதைப் போனில் சொல்லமாட்டாள்.

இங்கேதான் எமது சங்கத்துக்கு வேலை இருக்கிறது. கண்டியில், காலியில், அநுராதபுரத்தில், மட்டக்களப்பில் எம்மவர் இருக்கிறார்கள். அனுமதி கிடைத்தவுடன், பிள்ளையின் சம்மதத்தோடு, அவள் போகும் ஊரிலுள்ள ஓர் அக்காவின் தொலைபேசி இலக்கத்தைக் கையில் கொடுப்போம். அந்த அக்கா முதல் மாதத்திலேயே ஒரு ஞாயிறு வீட்டுக்கு அழைத்துச் சோறு போடட்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள், மகாபொலப் பணம் கைக்கு வரும்வரை விடுதிச் செலவுக்கு உதவலாம்.

நூறு வருடமாக இந்தப் பாடசாலை பிள்ளைகளை வெளியே அனுப்பிவருகிறது. இனிப் போகிறவர்களை, போகும் ஊரில் நின்று வரவேற்போம்.