திருடிய பறவையும் நீங்கிய நீலமும்



உயிரைப் பறவையாகவும் உடலைக் கூண்டாகவும் உவமித்தல் நம் நாட்டில் நெடுநாள் வழக்கு. மிகப் பழகியதனால் அவ்வுவமை இன்று நெஞ்சில் தைப்பதில்லை. ஒரு துணியில் அச்சிடப்பட்ட பறவையோ அச்செய்தியை இன்னும் ஆழமாக உணர்த்துகின்றது.

இங்கிலாந்தின் கவிஞரும் வடிவமைப்பாளருமாகிய வில்லியம் மோரிஸ் 1883ஆம் ஆண்டு 'ஸ்ட்ராபெரி திருடன்' என்னும் பருத்தி அச்சுத்துணியை உருவாக்கினார். நீலப் பரப்பில் இணை இணையாகப் பூங்குருவிகள். சிலவற்றின் அலகில் பழம். கெல்ம்ஸ்காட் இல்லத் தோட்டத்தில் பழம் கவர்ந்த பறவைகளே அவை. அவற்றின் கழுத்தை நெரிக்கச் சினந்த தோட்டக்காரரிடம், எப்பறவையையும் தொடலாகாது என மோரிஸ் தடுத்ததை அவர்தம் மகள் மே எழுதியுள்ளார்.

இத்துணிக்கு முன்னோடி நம் கரையினது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து, பூமரமும் பறவைகளும் தீட்டிய துணிகள் ஐரோப்பா சென்றன. சாயவேர் சிவப்பைத் தந்தது. அவுரி நீலத்தைத் தந்தது. நீலம் ஏறக்கூடாத இடங்களை நம் கைவினைஞர் மெழுகு பூசிக் காத்தனர். லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தில் இந்தியத் துணிகளைக் கண்டு பயின்ற மோரிஸ், மெர்ட்டன் அபே பட்டறையில் வேறு வழி கொண்டார். துணி முழுவதையும் நீலத்தில் தோய்த்து, பறவை தோன்றவேண்டிய இடங்களில் மர அச்சால் வெளுப்பானை ஒற்றி நீலத்தை நீக்கினார். பின்னரே சிவப்பும் மஞ்சளும் ஏற்றினார்.

சமண நூல் கற்றோர்க்கு இங்கே இரு சொற்கள் நினைவிற்கு வரும். வினை வந்து சேராமல் தடுப்பது செறிப்பு. சேர்ந்த வினையைக் கழிப்பது உதிர்ப்பு. மெழுகு செய்வது முன்னது. வெளுப்பான் செய்வது பின்னது. மோரிஸ் இதனை எண்ணியிருக்கமாட்டார். காண்போர் கொள்ளும் பொருளே இது. ஆயினும், கறை விலகிய இடத்திலேயே பறவை பிறக்கின்றது என்பது அத்துணியில் கண்கூடு.

அந்த நீலத்தையும் சற்று ஆராய்தல் வேண்டும். அந்நூற்றாண்டில் ஐரோப்பாவிற்கு அவுரி வழங்கிய பெருநிலம் வங்காளம். நெல் விளைய வேண்டிய வயலில் அவுரி விதைக்குமாறு தோட்ட முதலாளிகள் உழவரை அடித்தும் அடைத்தும் வற்புறுத்தினர்; 1859இல் உழவர் கிளர்ந்தெழுந்தனர். பறவைக்கு இரங்கிய மோரிஸ், துணி வெளிவந்த அதே 1883இல் உழைப்போர் உரிமை வேண்டி ஜனநாயகக் கூட்டமைப்பில் சேர்ந்தார். அத்துணியோ, அவர் நிறுவனத்தின் அச்சுத்துணிகளுள் விலைமிக்கவற்றுள் ஒன்றாய், செல்வர் இல்லங்களிலேயே தொங்கியது.