திரும்பி வந்த பொதி கற்பிக்கும் பாடம்



வைத்தியர்களாகிய எங்களுக்கு ஏற்றுமதியில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். கறித்தூள், ஒடியல் மா, எள்ளுருண்டை என்று வீட்டுச் சமையலறையில் தொடங்கிய சிறு தொழில்களை நடத்துவோர் எம்மிடையே இருக்கிறார்கள். அவற்றை லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாங்கி உண்போரும் நாமே.

எங்கள் நாட்டில் ஒரு தாய் மகப்பேற்றின்போது இறந்தால் அந்த மரணம் மீளாய்வு செய்யப்படுகிறது. குற்றவாளியைத் தேடுவதல்ல நோக்கம்; எங்கே தாமதம் நேர்ந்தது, அடுத்த தாயைக் காக்க எதை மாற்றுவது என்பதே கேள்வி. ஒரு தாதி கண்டது அப்போதுதான் முழு வைத்தியசாலைக்கும் அறிவாகிறது. இதையே முகாமைத்துவத்தில் நிறுவனக் கற்றல் என்கிறார்கள்.

மிளகாய்த்தூளை எடுத்துக்கொள்வோம். சரியாகக் காயாத செத்தல் மிளகாயில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். ஈரல் புற்றுநோய்க்கு அதுவும் ஒரு காரணம். வறுத்தாலும் முற்றாக அழியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு கிலோ மிளகாய்த்தூளில் அது மொத்தம் 10 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பொதியை ஏற்கமாட்டார்கள். “இனி வேறு கடையில் வாங்குவோம்” என்பது திருத்தம் மட்டுமே. “வாங்கும்போது ஈரத்தை நாம் ஏன் அளப்பதில்லை?” என்று முதலாளியும் மிளகாய் அரைக்கும் பிள்ளையும் ஒன்றாக இருந்து கேட்பதே கற்றல். கண்ட விடையைக் கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை கலியாணமாகிப் போகும்போது அறிவும் கூடவே போய்விடும்.

எள்ளுருண்டையும் அப்படித்தான். கனடாவில் லேபல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கவேண்டும். எள் இருப்பதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். எள் ஒவ்வாத குழந்தைக்கு அந்த ஒரு சொல் உயிர்.

வெளிநாட்டில் வாழும் சகோதரிகளே, பக்கெற் கசிந்தாலும் தூளில் கட்டி பிடித்திருந்தாலும் “பாவம், எங்கட ஆக்கள்” என்று பேசாமல் இருந்துவிடுகிறோம். அடுத்த முறை வேறு நாட்டுப் பொருளை வாங்குகிறோம். அந்த மௌனம் ஊரிலுள்ள தொழிலைக் கொல்லும். பெரிய நிறுவனங்கள் காசு கொடுத்துத் திரட்டும் சந்தை அறிவு எங்கள் சங்கக் கிளைகளிடம் இலவசமாக இருக்கிறது. கிளைக்கு ஒருவர் குறை நிறைகளைத் தொகுத்து வருடத்தில் இரு தடவை ஊருக்கு எழுதட்டும். இங்குள்ளோர் கோபிக்காமல் வாசித்து, என்ன மாற்றினோம் என்று பதில் எழுதுவோம்.

நூறு வருடம் கற்பித்த பாடசாலையின் பிள்ளைகளுக்கு இது கடினமான வீட்டுவேலை அல்ல.