வேகமானி சொல்லும் உண்மை



பாடசாலை அதிபர் ஒருவர் மோட்டார்க் காரின் கருவியைப் பற்றிப் பேச முன்வருவது சிலருக்கு வியப்பளிக்கலாம். நான் பொறியியல் கற்றவனல்லேன், கலைப்பட்டதாரி. ஆயினும், 1948-ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் அறிமுகமான மொரிஸ் மைனர் வகையைச் சேர்ந்த பழங் கார் ஒன்றை வைத்திருப்பவன், விரும்பினும் விரும்பாவிடினும் அரைப் பொறியியலாளனாகிவிடுகின்றான்.

பல மாதங்களாக என் காரின் வேகமானி முள் அசைவற்றுக் கிடந்தது. “இத்தனை ஆண்டு ஓட்டியவனுக்கு முள் எதற்கு? இயந்திரத்தின் ஓசையே போதும்” என்று இறுமாந்திருந்தேன். ஒருநாட் பிற்பகல் வெளிவீதியில் நெடுந்தூரம் விரைந்து வந்து ஊருக்குள் நுழைந்தேன். வேகத்தை நன்கு குறைத்துவிட்டதாகவே எண்ணினேன். ஒழுங்கையொன்றிலிருந்து சைக்கிளில் ஒரு சிறுவன் குறுக்கே வந்தான். கார் நின்றபோது அவனுக்கும் காருக்கும் இடையே ஒரு முழமே இருந்தது. அவன் என் மாணவன். “மன்னியுங்கோ சேர்” என்றான். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவன் நான்.

விரைவிற் பழகிய கண்ணுக்கு நடுத்தர வேகமும் மந்தமாகவே தோன்றும். இம்மயக்கம் எவருக்கும் நேரும். வேகம் இருமடங்கானால், தடையை அழுத்தியபின் கார் ஓடி நிற்கும் தூரமோ ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆதலால் முள் ஓர் அலங்காரமன்று.

இக்கருவியின் அமைப்பு எளியது. ஜெர்மனியரான ஒட்டோ சூல்ஸ் 1902-இல் இதற்கு உரிமம் பெற்றார். கியர்ப்பெட்டியின் பின்புறத்தேயுள்ள சிறு பற்சக்கரம், உறைக்குள் இருக்கும் கம்பிவடத்தைச் சுழற்றும். வடத்தின் மேல்முனை ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தம் தொடாமலே, அருகிலுள்ள அலுமினியக் கிண்ணத்தைத் தன்னோடு இழுக்கும். மயிரிழை போன்ற சுருள்வில் அதனைத் தடுக்கும். இவ்விரண்டின் இழுபறியே முள்ளின் நிலை. ஓடிய தூரத்தைக் காட்டும் எண்களையும் அதே வடமே நகர்த்தும்.

இதை அறிந்தால் பழுதைக் கண்டுபிடித்தல் எளிது. எண்கள் நகர்ந்து முள் மட்டும் அசையாவிடின், குற்றம் கருவிக்குள் உள்ளது; அதனைத் தேர்ந்தவரிடம் கொடுத்துவிடுக. இரண்டும் அசையாவிடின், கருவியின் பின்புறத்தில் வடத்தைக் கழற்றி, கியரை நடுநிலையில் வைத்து, சமதரையிற் காரை மெதுவாகத் தள்ளச் செய்க. உட்கம்பி சுழன்றால் வடத்தைக் குறைகூற வேண்டா. சுழலாவிடின் கம்பியை உருவிப் பாருங்கள். பாதி மட்டும் வந்தால் அது அறுந்துவிட்டது. முழுவதும் வந்தால் அதன் சதுர முனை தேய்ந்ததா, பற்சக்கரம் பழுதா என்று நோக்குக.

முள் நடுங்கினால், பெரும்பாலும் வடம் வறண்டிருக்கும். அன்றேல் எங்கேனும் ஒடுங்க வளைந்திருக்கும். கம்பியை மண்ணெண்ணெயிற் கழுவித் துடைத்து, மெல்லிதாகக் கிறீஸ் பூசுக. மேல்முனையில் ஒரு சாண் அளவுக்குப் பூசலாகாது. கிறீஸ் மேலேறிக் கருவியைக் கெடுத்துவிடும்.

என் காரில் உட்கம்பி அறுந்திருந்தது. புதிய வடம் பூட்டியபின், கருவி உண்மை சொல்கின்றதா என்று சோதித்தேன். கிலோமீற்றர்க் கற்கள் உள்ள நேர்வீதியில் ஒரே வேகத்திற் செல்ல, அருகிலிருந்தவர் கடிகாரம் பார்த்தார். 3600-ஐ ஒரு கிலோமீற்றருக்குச் சென்ற விநாடிகளால் வகுத்தால் மணிக்குரிய வேகம் கிடைக்கும். முள் 30 மைலில் நின்றபோது 80 விநாடி சென்றது. அஃதாவது 45 கிலோமீற்றர். ஏறத்தாழ 28 மைல். சிறிது கூட்டிச் சொல்லும் முள்ளாற் கேடில்லை. குறைத்துச் சொல்லும் முள்ளே ஆபத்து. உரிய அளவினும் பெரிய ரயர்களைப் பூட்டினால் அவ்வாறு நேரும். பழங் கார்களின் முகப்பு மைலையும், வீதிப்பலகை கிலோமீற்றரையும் கூறுவதையும் மறவாதிருங்கள். 30 மைல் என்பது 48 கிலோமீற்றர்.

அன்று சோதனைக்காகக் காரைத் தள்ளித் தந்தவர்களுள் அச்சிறுவனும் ஒருவன். எதற்காகத் தள்ளுகின்றோம் என்று கேட்டான். உண்மையைச் சொன்னேன். மாணவனிடம் தவற்றை ஒப்புக்கொள்வது ஓர் அதிபருக்கு எளிதன்று. ஆயினும் அன்று அது வேண்டியிருந்தது.