உடைத்த கல்லும் பாரம் சுமக்கும்

(சபையின் ஆண்டுவிழாவையொட்டி நடந்த குடும்பக் கூடுகையில் ஆற்றிய உரை)



ஆண்டுவிழா முடிந்ததும் நம் ஆலய முற்றத்தின் பழைய கான்கிரீட் தளத்தை உடைத்து, சிமெண்ட் தளக்கல் பதிக்கப் போகிறோம். மறுசுழற்சிப் பொருளில் செய்த கல்லை வாங்கலாமே என்று வாலிபர்கள் கேட்டார்கள். "குப்பையில் செய்த கல்லையா ஆலயத்தில் போடுவது?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். இரண்டுமே நியாயமான கேள்விகள். முப்பது வருஷம் கட்டுமான வேலையில் இருந்தவன் என்பதால் என்னைப் பதில் சொல்லச் சொன்னார்கள். வீடு கட்டுகிறவர்கள் தள்ளிய கல்லைப் பற்றி ஐயா பிரசங்கித்திருக்கிறார். நான் முற்றத்துக் கல்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

சிங்கப்பூரில் மணல் அள்ள நமக்கு ஆறு இல்லை. ஒரு காலத்தில் புலாவ் உபின் தீவில் கிரானைட் வெட்டினார்கள். அங்கிருந்த கடைசிக் கல்குவாரி 1999ல் மூடப்பட்டது. அதே 1999ல்தான் புலாவ் செமக்காவில், கடலுக்குள் 7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல் கரை கட்டி, குப்பை நிரப்பும் இடத்தைத் திறந்தார்கள். அது 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது கணக்கு. 2007ல் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியை நிறுத்தியபோது வேலைத்தளங்களில் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கல்லும் வெளியிலிருந்து வரவேண்டும், குப்பைக்கும் இடமில்லை என்றால், உடைத்த கட்டடத்தைச் சும்மா எறிந்துவிட முடியுமா?

பழைய கான்கிரீட்டை நொறுக்கிச் சலித்தால் ஜல்லி கிடைக்கும். ஆனால் அது புது ஜல்லி மாதிரி இல்லை. ஒவ்வொரு துண்டிலும் பழைய சிமெண்ட் சாந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் நுண்ணிய துளைகள் நிறைய. கிரானைட்டைவிடப் பல மடங்கு தண்ணீரைக் குடிக்கும். அதை முன்கூட்டியே நனைக்காமல் கலந்தால், சிமெண்டுக்குச் சேரவேண்டிய தண்ணீரை அது உறிஞ்சிவிடும்.

அப்படியிருந்தும் தளக்கல்லுக்கு இது பொருந்தும். தளக்கல்லுக்குள் துருப்பிடிக்கக் கம்பி இல்லை. ஈரம் குறைந்த கலவையை இரும்பு அச்சில் கொட்டி, அதிரவைத்து அழுத்துகிறார்கள். ஒரு கல் பழுதானால் அதை மட்டும் எடுத்து மாற்றலாம். நம்மைப்போல் இடநெருக்கடியில் வாழும் ஹாங்காங்கில், பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்து 2002ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாதி ஜல்லியும் மணலும் மறுசுழற்சியாக இருந்தாலும் பலம் அவ்வளவாகக் குறையவில்லை. அதற்கு மேல் போனால் குறைந்தது. ஆனால் முழுவதும் மறுசுழற்சியாக இருந்தபோதும், 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 49 நியூட்டனுக்குக் குறையாத பலமுள்ள கற்களைச் செய்ய முடிந்தது.

அப்படியானால் பெரியவரின் பயம் வீணா? இல்லை. அந்தப் பயம் எனக்கு ஒரு பாடமாகவே வந்தது.

நான் இளம் மேற்பார்வையாளனாக இருந்த காலத்தில் ஒரு வேலைத்தளத்துக்கு இப்படிப்பட்ட கற்கள் வந்து இறங்கின. விலை குறைவு, பார்க்கவும் அழகு. சோதனை அறிக்கை பிறகு வரும் என்றார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். சில மாத மழைக்குப் பிறகு கற்கள் உப்பின, ஓரங்கள் உதிர்ந்தன. உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைத் துணுக்குகள். கூரைப் பலகையின் ஜிப்சம், ஜல்லியோடு சேர்ந்தே நொறுக்கப்பட்டிருக்கிறது. ஜிப்சத்திலுள்ள சல்ஃபேட் சிமெண்டோடு வினைபுரிந்து கல்லை உள்ளிருந்தே வீங்கவைக்கும். முதியவர்கள் நடக்கும் பாதை அது. ஒரு பாட்டி தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அந்தக் கையெழுத்து என்னுடையது. இன்றும் மறக்கவில்லை.

அங்கே தவறு பழைய கான்கிரீட்டில் இல்லை. பிரிக்காமல் நொறுக்கியதிலும், சோதிக்காமல் வாங்கியதிலும்தான் இருந்தது. கண்ணாடிக்கும் இதே கதைதான். உடைந்த பாட்டிலைப் பெரிய துண்டுகளாகப் போட்டால் சிமெண்டின் காரத்தோடு வினைபுரிந்து விரியலாம். மாவாக அரைத்தால் அதே கண்ணாடி பலத்துக்கு உதவும்.

ஆகவே கட்டடக் குழுவுக்கு என் பணிவான யோசனை இது. மறுசுழற்சிக் கல்லையே வாங்குவோம். ஆனால் நம் முற்றத்துக்கு வரும் அதே தொகுதிக்குரிய பலம், நீர் உறிஞ்சுதல், வழுக்குத் தன்மை ஆகிய மூன்று சோதனை அறிக்கைகளும் கைக்கு வராமல் ஒரு கல்லையும் இறக்க விடவேண்டாம். நடக்கும் பக்கம் 60 மில்லிமீட்டர் கனம் போதும். கார் நிற்கும் பக்கம் 80 வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் நம் அம்மாமார்களுக்காக, பதித்த பின் மட்டம் பார்ப்பதை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

வாலிபர்களுக்கும் ஒரு வேலை உண்டு. தளத்தை உடைக்கும் நாளில் மரம், பிளாஸ்டிக், ஓடு, மண் எல்லாவற்றையும் கான்கிரீட்டிலிருந்து தனித்தனியாகப் பிரித்து அனுப்புங்கள். நம் முற்றத்துக் கான்கிரீட்டே நமக்குக் கல்லாகத் திரும்பி வரும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. அது சுத்தமாகப் போய்ச் சேர்ந்தால் வேறு யாரோ ஒரு பாட்டி பயமில்லாமல் நடக்கும் பாதையாகும். அதற்கு அந்த ஒருநாள் உழைப்பு தகும்.