எவ்வளவு தூய்மை போதும்?



ஜொகூரில் கூடியிருக்கும் நாம் பேரா மாநிலத்துப் புக்கிட் மேராவை மறத்தலாகாது. ஈப்போவை அடுத்த அவ்வூரில் 1982இல் ஏஷியன் ரேர் எர்த் ஆலை இயங்கத் தொடங்கியது. ஈயச் சுரங்கக் கழிமணலில் கிடைத்த மோனசைட்டிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்தெடுத்தபின் தோரியம் கலந்த கழிவு எஞ்சியது. மக்கள் 1985இல் நீதிமன்றத்தை நாடினர். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மறு ஆண்டே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. எனினும் 1994இல் ஆலை மூடப்பட்டது. பின்னர்த் துப்புரவுப் பணி பல்லாண்டு நீண்டது.

கதிரியக்கம் படிந்த இடத்தை எந்த அளவிற்குத் தூய்மை செய்வது? சுழியம் என்பது இயலாது. தோரியம் எந்த மண்ணிலும் சிறிதளவு உண்டு. உலக மாந்தர் இயற்கையினின்று ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் பெறுகின்றனர். ஆகவே, மனிதச் செயலால் கூடுவதற்கே வரம்பு விதிக்கிறோம்: பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்.

சிக்கல் இதற்குப் பின்னரே தொடங்குகிறது. அவ்வரம்பை மண்ணின் அளவாக மாற்ற, அங்கே வாழப்போவது யார் என்று முதலில் கருதிக்கொள்ள வேண்டும். பகலில் மட்டும் வந்துபோகும் ஊழியரா? அம்மண்ணில் விளையாடி, அங்கு விளைந்த கீரையை உண்ணும் குழந்தையா? மண் ஒன்றே, விடை இரண்டு. இத்தேர்வை இயற்பியல் செய்து தராது. ஊர்மக்களிடம் கேளாமல் அதைச் செய்வது முறையன்று என்பது எம் கருத்து.

சொல்லாக்கத்திலும் நாம் பிழை செய்கிறோம். 'அனுமதிக்கத்தக்க அளவு' என்பதைப் 'பாதுகாப்பான அளவு' என்றே பாடங்களில் எழுதிவிடுகிறோம். முன்னது சட்டம் வகுத்த எல்லை; பின்னது வாக்குறுதி. தோரியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். அவ்வளவு காலத்திற்கு யார் வாக்குறுதி தர இயலும்?