பாறுகளைப் படமெடுத்தல்

அரிய பறவையைப் படமெடுப்போர்க்கு இன்பத்தோடு ஒரு கடமையும் உண்டு. நீலகிரியை அடுத்த மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வாழும் வெண்முதுகுப் பாறுகளை எடுத்துக்கொள்வோம்.

ஊர்ப்புறங்களிலும் மிகுதியாய்த் திரிந்த இப்பிணந்தின்னிக் கழுகுகள், 1990-களில் கூட்டங்கூட்டமாய் மடிந்தன. கால்நடைகளுக்கு அளித்த டைக்ளோபினாக் என்னும் வலிநீக்கி மருந்தே காரணம். அம்மருந்து தங்கிய இறைச்சியைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் பழுதுற்றது. 2006-ஆம் ஆண்டில் கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து தடைசெய்யப்பட்டது. ஆயினும் இவை விரைவிற் பெருகா. ஆண்டிற்கு ஒரு முட்டையே இடும்.

ஆதலின், படத்திற்காகக் கூட்டை நெருங்காதீர்கள். தாய்ப்பறவை அஞ்சி அகன்றால் முட்டையோ குஞ்சோ காவலின்றிக் கிடக்கும். வனத்துறை இசைந்த இடத்தில் நின்று, தொலைவில்லையுடன் பொறுத்திருங்கள். வெயிலேறியதும் பாறுகள் வானில் வட்டமிடும். சிறகின் அடியில் முன்புறத்தே தோன்றும் வெண்மையே அடையாளம். படத்துடன் நாளையும் இடத்தையும் குறித்துவையுங்கள். ஆய்வாளர்க்கு அக்குறிப்பு உதவும். கூடு இருக்கும் இடத்தை மட்டும் ஊரறியச் சொல்லாதீர்கள்.